ஒன்பது இடம், நான்கு மணி நேரம்: கோலாலம்பூர் நகர் உலா பற்றி வாசகர் கேட்டவை

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் பேச்சும் ஒன்றாகிவிடுகிறது. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வருகிறார்கள், தலைநகரைச் சுற்றிக் காட்ட வேண்டும், எந்த டூரை நம்பிப் பணம் கட்டலாம்? ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

எங்கள் சம்பந்தி வீட்டார் ஆறு பேர் திருச்சியிலிருந்து வருகிறார்கள். சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஒரு டூர் நிறுவனம் கொடுத்த தாளில் ‘அரை நாள் நகர் உலா, 4 மணி நேரம், 9 இடங்கள்’ என்று போட்டிருக்கிறது. அரண்மனை, இரட்டைக் கோபுரம், தேசிய நினைவுச் சின்னம், தேசியப் பள்ளிவாசல், மெர்டேக்கா சதுக்கம் என்று நீள்கிறது பட்டியல். இவ்வளவும் பார்த்துவிட முடியுமா?
— கிள்ளான் வாசகி

பார்க்கலாம், உள்ளே போக முடியாது. தாளில் உள்ளதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள் அம்மா. நான்கு மணி நேரம் என்றால் 240 நிமிடம். மற்றவர்களோடு சேர்ந்து போகும் வேன் என்றால் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி ஆள்களை ஏற்றவே முக்கால் மணி நேரம் போய்விடும். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தாலும் எட்டு ஓட்டத்துக்கு 96 நிமிடம். ஒன்பதில் இரண்டு பெரும்பாலும் கடைகளாக இருக்கும், சாக்லேட் ஒன்று, பாத்திக் துணி அல்லது பியூட்டர் என்ற ஈயக் கலவைப் பொருள்கள் ஒன்று. அவற்றுக்குத் தலா 25 நிமிடம். மீதி 49 நிமிடம், ஏழு இடங்கள். இடத்துக்கு ஏழு நிமிடம் வருகிறது. எழுபது வயதுக்காரர் வேனைவிட்டு இறங்கித் திரும்ப ஏறவே அதில் பாதி போய்விடும்.

இந்தத் தாள்களில் ‘போட்டோ ஸ்டாப்’ என்று இருந்தால் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது மட்டும்தான். சில இடங்களில் அதற்கு மேல் செய்யவும் வழியில்லை. ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் 2011இல் திறந்த இஸ்தானா நெகாராவில் பொதுமக்களுக்கு வாசல் வரைதான் அனுமதி. குதிரைக் காவலரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால் அந்த இடம் முடிந்தது. அங்கே பத்து நிமிடம் தாராளம். தேசியப் பள்ளிவாசல் அப்படியல்ல. 1965இல் திறந்த அந்தக் கட்டடத்தின் மடிப்புக் குடை போன்ற நீலக் கூரையையும் உள்ளே இருக்கும் அகன்ற நிழல் கூடத்தையும் பார்க்காமல் வெளியே நின்று படம் எடுத்துத் திரும்புவது வீண். தொழுகை நேரம் தவிர்த்து முஸ்லிம் அல்லாதவர்களையும் உள்ளே விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் போகாதீர்கள். போர்த்திக்கொள்ள அங்கியை அவர்களே இலவசமாகத் தருவார்கள். அங்கி மாட்டி, செருப்பைக் கழற்றி, சுற்றி வர அரை மணி நேரம் வேண்டும்.

ஆறு பேர் என்றால் தனி வேன் பேசுங்கள். தலைக்கு எவ்வளவு என்று பேசாமல், வேனுக்கும் கைடுக்கும் சேர்த்து மொத்தத் தொகை என்ன, எத்தனை மணி நேரத்துக்கு, அதற்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஒன்பது இடத்தை ஐந்தாக்கி, ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே ‘உள்ளே’ அல்லது ‘வெளியே’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ‘உள்ளே’ என்றால் நுழைவுக் கட்டணம் யார் கட்டுவது என்பதும் அதே வரியில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினால் போதும், அதுவும் சான்றுதான்.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. குறைந்த விலை டூர்களில் கடைக்காரர் தரும் கழிவுத்தொகையும் வருமானத்தில் ஒரு பங்கு, அதனால்தான் கடை தவறாமல் இடம்பெறுகிறது. எதுவும் வாங்காமல் வெளியே வந்தால் யாரும் உங்களைக் கேட்க முடியாது. ‘கடை வேண்டாம், அதற்கான வித்தியாசத்தைத் தருகிறோம்’ என்று முன்கூட்டியே சொன்னால் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். முதியவர்களோடு போகும்போது அந்த 50 நிமிடத்துக்கு இருக்கும் மதிப்பு அந்தத் தொகைக்கு இல்லை.

பத்துமலைக்கு டூரில் 45 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போதுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் முருகனைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்கிறார்.
— சிரம்பான் வாசகர்

போதாது. 272 படி ஏறி, மூச்சு வாங்கி, குகைக்குள் நடந்து, சாமி கும்பிட்டு இறங்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். 45 நிமிடம் என்பது கீழே நின்று 42.7 மீட்டர் சிலையை அண்ணாந்து பார்ப்பதற்கான கணக்கு. படிகளோடு ஏற்றம் முடிந்துவிடுவதும் இல்லை. குகைக்குள்ளே போனால், மேலே வானம் திறந்திருக்கும் பின்பகுதிக்குப் போக இன்னொரு படிவரிசை இருக்கிறது. வள்ளி தெய்வானை சன்னதி அங்கேதான். இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள். மேலே வந்தாயிற்று என்று நிம்மதியாக நிற்பவரிடம் இன்னும் ஏற வேண்டும் என்று சொன்னால் மனம் தளர்ந்துவிடும்.

முழங்கால் வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. படிகள் செங்குத்து, பாதம் முழுசாகப் பதியாத அளவுக்குக் குறுகல். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, வலிக்கிற காலை முதலில் இறக்கி மற்றக் காலை அதன் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் குகையானதால் மழை பெய்த மறுநாளும் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும், தரை வழுக்கும். வழவழப்பான ரப்பர் செருப்பைவிடப் பின்பட்டை உள்ள செருப்பு நல்லது.

நேரம் முக்கியம். காலை ஏழு மணிக்குப் படியடியில் இருந்தால் வெயிலும் கூட்டமும் இல்லாமல் ஏறலாம். ஒன்பதரைக்கு மேல் டூர் பஸ்கள் வரிசையாக வந்துவிடும், வெயிலும் படியில் நேராக விழும். அதனால் பத்துமலையை டூரில் சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்வதே மேல் என்போம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கோமுட்டர் ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் ஆலய வாசலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். மணிக்கு ஒன்றோ இரண்டோ ரயில்தான், நேரத்தைப் பார்த்துப் புறப்படுங்கள்.

குரங்குகள் தின்பண்டத்தின் நிறத்தையும் பிளாஸ்டிக் பையின் சத்தத்தையும் அடையாளம் கண்டு வருகின்றன. அர்ச்சனைத் தட்டின் வாழைப்பழத்தையும் தண்ணீர் பாட்டிலையும் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மூடிய தோள்பைக்குள் வையுங்கள். பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கடி விழுகிறது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அம்மாவால் ஏற முடியவில்லை என்றால் கீழேயே சன்னதிகள் இருக்கின்றன. ரயில் நிலையப் பக்கம் இராமாயணக் குகையும் இருக்கிறது. வாசலில் பெரிய அனுமார் நிற்பார். அதற்குத் தனிக் கட்டணம். அங்கும் உள்ளே கொஞ்சம் படி உண்டு, ஆனால் கீழ்த்தளத்தைச் சுற்றி வந்தாலே கதை முழுக்கச் சிற்பமாக இருக்கிறது. முழங்காலுக்கு மேல் ஏறிய உடையில் வருபவர்களுக்குப் படியடியில் சுற்றிக்கொள்ளத் துணி வாடகைக்குக் கிடைக்கும். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் எந்த டூரையும் நம்ப வேண்டாம், சாலைகள் அடைக்கப்பட்டிருக்கும்.

ஐந்து நாள் டூரில் சாப்பாடும் சேர்த்தி. நாங்கள் சுத்த சைவம். ‘வெஜிடேரியன்’ என்று சொல்லிவிட்டால் போதும்தானே?
— கோயம்புத்தூரிலிருந்து வரவிருக்கும் வாசகி

போதாது. இங்கே பல சமையலறைகளில் ‘சைவம்’ என்றால் இறைச்சித் துண்டு இல்லை என்பதே பொருள். நாசி லெமாக் சம்பலில் நெத்திலியும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் இருக்கும். கீரை வறுவல் கேட்டால் அதிலும் பெலாச்சான் போட்டுத்தான் வறுப்பார்கள். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகம்) ரொட்டி சானாய்க்கு ஊற்றும் குழம்பு மீன் குழம்பாகவோ கோழிக் குழம்பாகவோ இருக்கலாம். பருப்பு மட்டும் என்று சொல்லி வாங்குங்கள். மீ கோரெங்கில் முட்டை கேட்காமலே விழும்.

ஆகவே டூர் நிறுவனத்துக்கு எழுதும்போது ‘இறைச்சி, மீன், நெத்திலி, இறால், பெலாச்சான், முட்டை எதுவும் கூடாது, பால், தயிர் சாப்பிடுவோம்’ என்று பெயர் சொல்லி எழுதுங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் கைடிடம் இன்னொரு தரம் சொல்லுங்கள், அலுவலகத்தில் எழுதியது அவர் கைக்கு வராமல் போவது சாதாரணம். சீனச் சைவ உணவகங்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் உண்டு. கோழி, மீன் போலவே செய்த சோயா பதார்த்தங்களைக் கண்டு மிரள வேண்டாம், முட்டை சேர்க்கிறீர்களா என்று மட்டும் கேளுங்கள். நகர் உலா நாளில் மதியச் சாப்பாட்டைப் பிரிக்பீல்ட்ஸில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே சைவக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் அசைவமும் பரிமாறுவார்கள், கரண்டி மாறும். அது ஒவ்வாதவர்கள் சைவக் கடையாகப் பார்த்துப் போவது நல்லது.

ஈப்போவிலிருந்து நான்கு நண்பர்கள் வருகிறோம். கூகுள் வரைபடம் இருக்கும்போது கைடுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?
— ஈப்போ கல்லூரி மாணவர்

கோபுரங்களுக்கும் பேரங்காடிகளுக்கும் கொடுக்க வேண்டாம் தம்பி. எல்ஆர்டியும் எம்ஆர்டியும் வாசலில் இறக்கிவிடும். பழைய ஊரை நடந்து பார்க்கும் அரை நாளுக்கு மட்டும் கொடுங்கள். அந்தக் கட்டடங்களில் பல தம்மைப் பற்றிச் சொல்லும் பலகைகூட இல்லாமல் நிற்கின்றன.

காலை எட்டரைக்கு மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் தொடங்குங்கள். கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடுமிடத்தில், அந்த முனையிலேயே 1909இல் கட்டிய பள்ளிவாசல் நிற்கிறது. 1857இல் கிள்ளான் பகுதியை ஆண்ட ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடிப் படகில் வந்து இறங்கிய இடம் இதுதான். இதற்கு மேல் படகு ஏறாது, அதனால் சாமான் இறக்கும் துறை இங்கே வந்தது, துறையைச் சுற்றிச் சந்தை வந்தது, சந்தையைச் சுற்றி ஊர் வந்தது. கூடலைப் பார்த்து நின்று இதைக் கேட்டால்தான் மற்றத் தெருக்கள் ஏன் இப்படி வளைகின்றன என்பது விளங்கும்.

அங்கிருந்து சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1897இல் கட்டி முடித்தது, மணிக்கூண்டு 41 மீட்டர். எதிரே மெர்டேக்கா சதுக்கத்தின் புல்வெளி. 1957 ஆகஸ்ட் 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது இங்கேதான். இப்போதுள்ள கொடிமரம் 95 மீட்டர். புல்வெளியில் நிழலே இல்லை, அதனால் ஒன்பதரைக்குள் இதைக் கடந்துவிட வேண்டும். பிறகு மேடான் பாசாரில் 1937 மணிக்கூண்டு, பக்கத்துச் சந்தில் 1864இல், பின்னாளில் இந்த ஊர்ச் சீனர்களின் தலைவரான யாப் ஆ லோய் எழுப்பிய சின் சே சீ யா கோயில். அந்தக் கோயில் தெருவுக்கு நேராக இல்லாமல் கோணலாகத் திரும்பியிருப்பதைப் பாருங்கள், சீனரின் மனைசாத்திரப்படி திருப்பிக் கட்டியது. அடுத்து, பழைய ஈரச் சந்தையாக இருந்து கைவினை அங்காடியாகிய சென்ட்ரல் மார்க்கெட்.

கடைசியில் ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். 1873இல் தம்புசாமிப் பிள்ளையின் குடும்பக் கோயிலாகத் தொடங்கி, 1920களின் பிற்பகுதியில் பொதுமக்களுக்குத் திறந்தது. கோபுரத்தை வாசலில் நின்று பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நின்றால் ஐந்து நிலையும் ஒரே பார்வையில் வரும். தைப்பூசத்தையொட்டி இரவில் பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி இரதம் இந்த ஆலயத்தினுடையது. எதிரே குவான் டீ கோயில், நான்கு எட்டில் பெட்டாலிங் ஸ்ட்ரீட். மொத்தம் இரண்டரைக் கிலோமீட்டருக்குள் அடங்கும், நின்று கேட்டு நடக்க இரண்டரை மணி நேரம். பாசார் செனி நிலையத்தில் ரயில் ஏறிவிடலாம்.

நடை உலாவுக்குப் பதிவு செய்யும்போது குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதினைந்துக்கு மேல் போனால் போக்குவரத்துச் சத்தத்தில் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது, காதில் மாட்டும் கருவி தருவார்களா என்று விசாரியுங்கள். காசு இறுக்கம் என்றால் 1963இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்கள் காலையில் இலவசமாகச் சுற்றிக்காட்டுவதில் சேர்ந்துகொள்ளலாம். நாளையும் மொழியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்து நிற்பவர் உண்மையான கைடு என்று எப்படித் தெரிந்துகொள்வது? தமிழ் பேசும் கைடு கிடைப்பாரா?
— தைப்பிங் வாசகர்

1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி கைடுக்கு உரிமம் கட்டாயம். படம் ஒட்டிய அட்டையை வேலை நேரத்தில் மாட்டியிருக்க வேண்டும். நிறுவனத்துக்கும் தனி உரிமம் உண்டு. தாளின் ஓரத்தில் ‘கேபிகே/எல்என்’ என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கொடுத்தால் சுற்றுலா அமைச்சின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். பணத்தைத் தனி ஆள் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டுபவரே இடம் காட்டுவதும் உண்டு. அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் உங்களோடு உள்ளே வரமாட்டார், வண்டியை விட்டு நகர முடியாது. உள்ளே வந்து விளக்கும் ஆள் வேண்டுமென்றால் ‘ஓட்டுநர் வேறு, கைடு வேறு’ என்று எழுதி வாங்குங்கள். தமிழ் பேசும் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் நிச்சயம் இருக்கிறார்கள். விடுமுறைக் காலத்தில் அவர்களுக்குக் கிராக்கி அதிகம். விமான டிக்கெட் எடுத்த கையோடு கேட்டுவிடுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்கள் வந்தால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், ஆங்கிலம் தெரிந்த பேரப்பிள்ளை ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பச் சொல்லிச் சலித்துப்போவான்.

அண்ணன் குடும்பம் இந்தியக் கடப்பிதழில் வருகிறது. விசா வேண்டுமா?
— பந்திங் வாசகி

சுற்றுலாவுக்கு 30 நாள் வரை வேண்டாம். 2023 டிசம்பர் 1இல் தொடங்கிய இந்த விலக்கு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பும் டிக்கெட்டும் தங்கும் முகவரியும் கையில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் தங்குகிறார்கள் என்றால் உங்கள் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியாக. இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் குடிநுழைவுத் துறையினுடையது அல்ல. இன்னொன்று, வெளிநாட்டவரிடம் ஹோட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். டூர் விலையில் இது பெரும்பாலும் சேராது. இரண்டு அறை, நான்கு இரவு என்றால் 80 ரிங்கிட் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கெந்திங்கையும் பத்துமலையையும் ஒரே நாளில் வைக்கலாமா?
— காஜாங் வாசகர்

வைக்கலாம், வழி ஒன்றுதான். காலையில் பத்துமலை, பத்து மணிக்கு மேல் மலையேற்றம். அவானா நிலையத்தில் கேபிள் கார் ஏறுங்கள், 2.8 கிலோமீட்டர். நடுவில் சின் சுவீ குகைக் கோயில் நிலையத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு அதே டிக்கெட்டில் மறுபடி ஏறலாம். டூர் அட்டவணையில் இது பெரும்பாலும் விட்டுப்போகும், கேட்டு வாங்குங்கள். மலையுச்சி சுமார் 1,800 மீட்டர். மாலையில் மேகம் இறங்கினால் எதிரே நிற்பவர்கூடத் தெரியமாட்டார். பெரியவர்களுக்குக் காது மூடும் துணியும் கம்பளிச் சட்டையும் அவசியம். வளைவுப் பாதையில் குமட்டல் வருபவர்கள் மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பலன் குறைவு. சனி, ஞாயிறு வேண்டாம்.

கோலசிலாங்கூரில் மின்மினிப்பூச்சி பார்க்கும் டூர் காசுக்குத் தகுமா?
— ஷா ஆலாம் வாசகி

நாளைப் பொறுத்தது. பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நிலவொளியில் மின்னல் மங்கிவிடும், மழை பெய்தால் பூச்சிகள் இலைக்கடியில் ஒதுங்கிவிடும். அமாவாசையை ஒட்டிய, மழையில்லாத இரவாகப் பாருங்கள். கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகு, சத்தமே இருக்காது, ஆற்றோர பெரெம்பாங் மரங்கள் ஒரே தாளத்தில் அணைந்து எரியும். கைப்பேசி பிளாஷ் கூடாது. படமும் விழாது, பூச்சிகளுக்கும் தொல்லை. மழைக்கு மாற்று நாள் தருவார்களா என்று கேட்டுப் பணம் கட்டுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஒரே நாளில் போய் வரும் டூர் சரியா?
— சுபாங் ஜெயா வாசகர்

வேண்டாம். இடிஎஸ் என்ற விரைவு மின்ரயிலில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல், பிறகு படகு. ஓர் இரவாவது தங்குங்கள். கெக் லோக் சீ கோயிலும் கொடிமலை எனும் பினாங்கு மலையின் அடிவார ரயில் நிலையமும் இரண்டுமே ஆயர் ஈத்தாம் பக்கம். அவற்றை ஒரே காலைப்பொழுதில் முடிக்க வேண்டும். முதலில் மலை ரயில், பிறகு கோயில். பத்து மணிக்கு மேல் ரயில் வரிசை நீளும், விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க நேரும். 833 மீட்டர் மலையின் மேல் முருகன் ஆலயமும் இருக்கிறது, கைடுகள் காட்சி மேடையோடு திருப்பிவிடுவார்கள், நீங்கள் கேளுங்கள். மறுநாள் ஜார்ஜ் டவுனில் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலும் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவரோவியங்களும். தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. பத்துமலையில் கால் வலித்தவர்கள் யோசித்து ஏறவும்.

‘இரட்டைக் கோபுரம் பார்வை’ என்று போட்டுப் பணம் வாங்கினார்கள். திங்கட்கிழமை கூட்டிப்போய்க் கீழே நிறுத்தி, ‘இன்று மூடியிருக்கிறது’ என்றார்கள். மேலே ஏறும் கட்டணமும் சேர்த்தி என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
— ஜொகூர் பாரு வாசகர்

திங்கட்கிழமை மேலே ஏற அனுமதி இல்லை என்பது புதிய செய்தியல்ல, நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை மதியமும் தொழுகைக்காக இடைவேளை விடுகிறார்கள். டிக்கெட் நாளும் நேரமும் குறித்தது, மாலை நேரங்கள்தான் முதலில் தீரும். ஆகவே இனிமேல் யாரும் டூர் வழியாகப் போனாலும் நேரம் குறித்த டிக்கெட்டின் படத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். மலேசியர் கட்டணம் குறைவு, மைகார்டு என்ற அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். குழுவாகத்தான் ஏற்றுவார்கள். 41ஆம் மாடிப் பாலத்தில் கொஞ்ச நேரம், பிறகு 86ஆம் மாடி, எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். இரட்டைக் கோபுரத்தின் மேலிருந்து இரட்டைக் கோபுரம் முழுசாகத் தெரியாது. அதையே பார்க்க ஆசைப்படுபவர்கள் புக்கிட் நானாஸில் உள்ள 421 மீட்டர் கேஎல் கோபுரத்தில் ஏறுவது நல்லது. பிற்பகல் இடிமழைக்கு முன், காலையில் போக வேண்டும்.

உங்கள் பணத்துக்கு முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். எந்தத் தேதி, என்ன வாக்கு, என்ன நடந்தது, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று நான்கு வரி, 14 நாள் கெடு. தொலைபேசியில் பேசி விட்டுவிடாதீர்கள். பதில் இல்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஏற்பார்கள், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். விளம்பரத் தாள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் படங்கள், அன்று கோபுரத்தடியில் எடுத்த படங்கள் ஆகியவற்றை அச்செடுத்துத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, அங்கே உங்கள் சார்பில் நீங்களே பேசலாம்.